ஏணிக்கு எட்டாத சாமந்தி

ஹெரோனிமோவின் இறைச்சிக்கடைப் பக்கச்சுவர் ரொம்ப நாளாகச் சும்மா இருந்தது. எதுவும் சும்மா இருந்தால் எங்கள் தெருவுக்குப் பொறுக்காது. யாராவது வந்து அதற்கு ஒரு வேலை கொடுத்துவிடுவார்கள். அப்படித்தான் மாரிசா வந்தாள்.

என் சலவைக்கடை அந்தச் சுவருக்கு நேர் எதிரே. வரிசையாக மெஷின்கள், ஒரு நீள ஜன்னல், ஜன்னலோரம் என் நாற்காலி. தெற்கு பிலடெல்பியாவில், தெற்கு எல்லை தாண்டி வந்த எங்கள் ஊர்க்காரர்களின் அழுக்கெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் சுழல்கிறது. மிச்சக் கதை ஜன்னலுக்கு வெளியே நடக்கிறது. நான் ஒட்டுக்கேட்கிறேன் என்று ரொட்டிக்கடை பிலோமேனா சொல்வது அபாண்டம். காதில் வந்து விழுகிறது, நான் என்ன செய்ய?

மாரிசா ஓவியக்காரி. டெக்சாஸில் பிறந்தவள். தலையில் ஒரு பக்கம் மழித்து மறுபக்கம் நீளமாக வளர்த்திருந்தாள், பாதியில் மனசு மாறின மாதிரி. சின்ன வயதில் எல்லை தாண்டி வந்தவர்களின் கதைகளைச் சுவரில் வரையப் போவதாகச் சொன்னாள். சுவரைக் கொடுத்த ஹெரோனிமோவுக்கு ஒரே ஒரு ஆசைதான்.

"ஓரத்துல சின்னதா ஒரு பன்னி போட்டுடலாமா? கடைக்கு விளம்பரமா இருக்கும்."

"இது சமூகத்துக்கான சுவர், சார்."

"பன்னியும் இந்தச் சமூகத்துலதானேம்மா இருக்கு."

பன்றிக்கு இடம் கிடைக்கவில்லை. கதை கொடுக்க ஆட்கள் குவிந்தார்கள். பாலைவனத்தில் நடந்தது, லாரிக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருந்தது என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். முகத்தை வரையலாமா என்று மாரிசா கேட்டால் மட்டும் எல்லோருக்கும் அவசர வேலை வந்துவிடும். அரசாங்கத்தின் கண்ணில் படாமல் இருப்பதையே பிழைப்பாக வைத்திருக்கிற தெரு இது. மூன்று மாடி உயரத்துக்கு முகம் யார் தருவார்கள்?

சித்லாலி தந்தாள்.

அவள் என் ஞானமகள். முதல் நற்கருணை வாங்கின அன்று அவள் பக்கத்தில் மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு நின்றவள் நான். அந்த முறையில் அவள் அம்மா எவோடியாவும் நானும் ஒருவரையொருவர் கொமாத்ரே என்று கூப்பிட்டுக்கொள்வோம். சம்பந்தம் பேசாமலே ஏற்பட்ட உறவு, அதனால் சண்டை கொஞ்சம் குறைவு. எவோடியா ஹோட்டலில் அறை துடைக்கிறாள். சித்லாலி குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்த்தாள்.

சின்ன வயதில் வந்தவர்களுக்கென்று அரசாங்கம் ஒரு அனுமதி வைத்திருக்கிறது. அதற்கு ஒரு தேதி உண்டு, அதற்குள் வந்திருக்க வேண்டும். சித்லாலி வந்தது மறுவருஷம். ஆறு வயதுப் பிள்ளை, அம்மாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நடந்தது, வழியில் எங்கேயோ சுணங்கிவிட்டது போலிருக்கிறது. அம்மாவுக்கும் காகிதம் இல்லை, மகளுக்கும் இல்லை. எனக்கு உண்டு. என் செத்துப்போன புருஷன் எனக்குச் செய்த ஒரே நல்ல காரியம் அது.

மாரிசா அவளிடம் கதை கேட்டது என் கடை பெஞ்சில். நான் போர்வை மடித்துக்கொண்டிருந்தேன். ஒரே போர்வையை நாலு தரம் மடித்தேன்.

"உன் ஊரை நெனைச்சா என்ன ஞாபகம் வருது?"

"ஒரு நாய்."

"வேற?"

"அது என்னைக் கடிச்சுது."

மாரிசாவின் பென்சில் நின்றது. "எரிமலை? எரிமலை அடிவாரந்தானே உங்க ஊரு?"

"இருந்திருக்கும். நான் குட்டையா இருந்தேன், நாய்தான் தெரிஞ்சுது."

"சரி, மனசுக்கு நெருக்கமான சாப்பாடு?"

"முனைக்கடை இத்தாலிக்காரர் போடுற மாட்டுக்கறி ரொட்டி. வெங்காயம் கருகணும், மிளகா கண்ணுல தண்ணி வரவெக்கணும், சீஸ் முழங்கை வரைக்கும் வழியணும்."

"இல்ல, நான் கேக்குறது வீட்டுச் சாப்பாடு. அம்மா கையால. மோலே மாதிரி?"

"மோலேன்னா நான் தெருவ விட்டே ஓடிடுவேன். மிளகாயையும் சாக்லேட்டையும் முதல்முதலா ஒரே சட்டில போட்ட ஆளைத் தேடிட்டிருக்கேன், ரெண்டு கேள்வி கேக்கணும்."

மாரிசா சிரித்தாள், எழுதிக்கொண்டாள். பிறகு வரைபடம் வந்தது. எரிமலை இருந்தது. சித்லாலியின் கையில் ஒரு மண்சட்டி, அதில் மோலே குழம்பு, ஆவி கூடப் பறந்தது. நாயையும் ரொட்டியையும் காணோம். தலையைச் சுற்றி வட்டமாக அடுக்கடுக்கான பூக்கள். டேலியாவாம், இளஞ்சிவப்பில் வரப்போகிறதாம்.

"ஞானம்மா, இது யாரு?" என்று என்னிடம் கேட்டாள் சித்லாலி. "நல்ல பொண்ணா இருக்காளே."

எவோடியா வேறு மாதிரி கேட்டாள்.

"மூஞ்சிய அவ்ளோ பெருசாப் போட்டு, 'இங்கதான் இருக்கேன், வந்து அள்ளிட்டுப் போ'ன்னு சொல்லப் போறியா?"

"இத்தன வருஷமா ஒளிஞ்சுதானேம்மா இருக்கோம். ஒளிஞ்சதுக்கு என்ன குடுத்தாங்க? நல்லா ஒளிஞ்சேன்னு மெடலா?"

"உன்ன என் பக்கத்துல விட்டு வெச்சாங்கடி. அதுதான் மெடலு."

ஆனாலும் சித்லாலி முகத்தைக் கொடுத்தாள்.

இந்த ஊரில் சுவர்ப்படத்தைச் சுவரில் வரைவதில்லை. மெல்லிய துணியில் துண்டுதுண்டாகக் கோடு போட்டு, கட்டத்துக்குக் கட்டம் நம்பர் எழுதி, நம்பருக்கு ஒரு நிறம் என்று கொடுத்துவிடுவார்கள். தெருக்காரர்கள் உட்கார்ந்து நிறம் அடிப்பார்கள். காய்ந்ததும் துண்டுகளைக் கொண்டுபோய் பசை தடவிச் சுவரில் ஒட்டுவார்கள். கோயிலுக்குக் கீழே இருக்கிற கூடத்தில் ஒரு சனிக்கிழமை அது நடந்தது. எவோடியாவுக்கு அன்று ஹோட்டலில் லீவு கிடைக்கவில்லை. நான் வானம் அடிக்கும் மேசையில் இருந்தேன், நீலம் நகத்தை விட்டுப் போக ஒரு வாரம் ஆனது. முகத்தை மட்டும் மாரிசா எங்களிடம் தரவில்லை, வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். விவரமானவள்.

பூ மேசைக்குப் பிலோமேனா தலைவி. அவள் எங்கே உட்கார்ந்தாலும் அதற்குத் தலைவி.

"எட்டாம் நம்பர்னா ரோஸ் கலராம்" என்றாள் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு. "ரோஸ் கலர்ல எங்கடி சாமந்தி பூக்குது?"

"நம்பர் பாத்து அடிக்கச் சொன்னாளே அந்தப் பொண்ணு?" என்று நீல மேசையிலிருந்து குரல் கொடுத்தேன்.

"நம்பர் போட்டது டெக்சாஸ்காரி. அவளுக்கு என்ன தெரியும்? உருண்டையா, அடுக்கடுக்கா, கொத்துக்கொத்தா இருந்தா அது என்ன பூ? நான் பொறந்ததுலேர்ந்து பாக்குறேன்."

யாரும் மறுக்கவில்லை. எங்கள் ஊர்க்காரிகளிடம் அந்த உருவத்தைக் கொடுத்தால் கை ஆரஞ்சு டப்பாவுக்குத்தான் போகும். அவர்கள் கண்ணில் பட்டது ஒரு முழம் துணியில் ரெண்டு பூ, மூணு பூ. எந்தத் துண்டிலும் முகம் இல்லை. பேசிக்கொண்டே அடித்தார்கள், யார் மருமகள் யாரோடு போனாள் என்பது முடிவதற்குள் பூவும் முடிந்தது. சாயங்காலம் மாரிசா வந்து காயப்போட்ட துணிகளைப் பார்த்தாள். அவள் முகத்தில்தான் எட்டாம் நம்பர் ஏறியது. பிறகு, "இது மக்களோட குரல், இப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள்.

மே மாதம் சாரம் பிரித்துத் திறந்துவைத்தார்கள். மாநகராட்சியிலிருந்து ஒருவர் வந்து நீளமாகப் பேசினார். திரை விழுந்தது. தெரு கை தட்டத் தயாராக நின்றது, தட்டவில்லை. உச்சியில் எரிமலை, கீழே மோலே சட்டி, நடுவில் சித்லாலியின் முகம், முகத்தைச் சுற்றிக் கொழுந்துவிட்டு எரிகிற மாதிரி சாமந்தி. பிலோமேனாவின் கை அவளைக் கேட்காமலே நெற்றிக்குப் போய்ச் சிலுவை போட்டது. அவளைப் பார்த்து இன்னும் ரெண்டு பேர் போட்டார்கள். கல்லறைத் திருநாளுக்கு வீட்டில் செத்தவர்கள் படத்தை இப்படித்தானே ஜோடிப்போம். மாநகராட்சிக்காரர் எங்களுக்குப் பக்தி அதிகம் என்று நினைத்திருப்பார்.

எவோடியா நேரே வீட்டுக்குப் போனாள்.

"கண்ணாடிக் கூண்டுல வெச்ச செத்த ராணி மாதிரி இருக்கேன்ல?" என்றாள் சித்லாலி. அவள் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

ஜூன் மாதம் காப்பகத்துக்குப் போகிற வழியில், சிக்னல் பக்கத்தில், குடியேற்றத் துறைக்காரர்கள் அவள் காரை நிறுத்திப் பிடித்துக்கொண்டு போனார்கள். கார் பகல் முழுக்க அங்கேயே நின்றது. காப்பி டம்ளர் உள்ளேயே இருந்தது. சுவரைப் பார்த்துத்தான் பிடித்தார்கள் என்று பாதித் தெரு சொன்னது. அந்த வாரம் அந்தச் சிக்னலில் யார் வந்தாலும் பிடித்தார்கள் என்று மீதித் தெரு சொன்னது. எவோடியாவுக்கு இந்த ரெண்டும் தேவைப்படவில்லை.

"பூவ வெச்சீங்க, எடுத்துட்டுப் போயிட்டான்" என்றாள்.

சித்லாலியை அடைத்து வைத்திருந்த இடம் மலைப்பக்கம், காரில் பாதி நாள். வாசலில் காகிதம் கேட்பார்கள், அதனால் எவோடியா போக முடியாது. நான் ஓட்டிக்கொண்டு போனேன். அவள் கூடவே வந்தாள், முன்னாலிருந்த பெட்ரோல் பங்க் வரைக்கும். மகளுக்கென்று பின்னல் போடுகிற சீப்பு, சட்டை என்று ஒரு பை கொண்டுவந்திருந்தாள். எதையும் உள்ளே விடமாட்டார்கள் என்று சொல்லியும் கேட்கவில்லை. அவளையும் பையையும் அங்கே இறக்கிவிட்டுப் போனேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சித்லாலி, இந்தப் பக்கம் நான், நடுவில் ஒரு டெலிபோன்.

"அம்மா?"

"பெட்ரோல் பங்க்ல உக்காந்திருக்கா. அதத் தாண்டினா ரெண்டு பேரையும் சேத்துப் பாக்க நான் வரணும்."

"சுவரு எப்படி இருக்கு?"

"நீ இளிச்சுட்டு நிக்கிற."

"சாமந்தியோட."

"சாமந்தியோட."

அவள் கண்ணாடியில் எதையோ விரலால் கிறுக்கினாள். "வக்கீல் என் முகத்தப் பாத்துப் பேச மாட்டேங்குறாரு ஞானம்மா. முடிஞ்சுதுன்னு நெனைக்கிறேன். எனக்கு அங்க யாரத் தெரியும்? நாயக் கூடத் தெரியாது, அது செத்திருக்கும்." பிறகு, "இங்க போடுற ரொட்டி வேகவே இல்ல" என்றாள்.

நான் பெட்ரோல் பங்குக்குத் திரும்பி வந்ததும் எவோடியா கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "என்ன சொன்னா?"

கேட்டதைக் கூட்டித்தான் எனக்குச் சொல்லிப் பழக்கம். அன்றைக்குக் குறைத்துச் சொன்னேன்.

"நல்லா இருக்கா. ரொட்டிதான் சரியா வேகலையாம்."

வீடு வந்து சேரும் வரைக்கும் எவோடியா ரொட்டியைப் பற்றியே பேசினாள். வேகாத ரொட்டி வயிற்றுக்கு ஆகாது என்றாள். சித்லாலிக்குச் சின்ன வயதிலிருந்தே வயிறு சரியில்லை என்றாள். இத்தாலிக்காரர் கடை ரொட்டி என்றால் மட்டும் ரெண்டு தின்பாள் என்றாள்.

ஆகஸ்டில் சித்லாலியை விமானத்தில் ஏற்றி, அவள் பிறந்த நாட்டின் தெற்கே வெந்து கிடக்கும் ஏதோ ஒரு ஊரில் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து பஸ் பிடித்து மாமா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். பத்து வருஷத்துக்கு இந்தப் பக்கம் வரக்கூடாது. எவோடியா அந்தப் பக்கம் போகலாம், போனால் திரும்ப முடியாது. இங்கிருந்து அவள் அனுப்புகிற காசில் அங்கே ஒரு குடும்பம் சாப்பிடுகிறது, அதில் இப்போது சித்லாலியும் சேர்த்தி.

விமானம் ஏறிய மறுநாள் சுவருக்குக் கீழே ஒரு மெழுகுவர்த்தி எரிந்தது. அடுத்த நாள் ஒரு வரிசை. எவோடியா வேலைக்குக் கிளம்பும்போது ஹோட்டல் வாளியோடு வந்து, அத்தனையையும் அணைத்து அள்ளிக்கொண்டு போய்ப் பிலோமேனாவின் ரொட்டிக்கடை வாசலில் கொட்டினாள். நான் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன், இதைத் தவறவிட முடியுமா?

"யாரு செத்தா?" என்றாள் எவோடியா.

"யாரும் சாகல. ஒரு வேண்டுதல்…"

"வேண்டுதல்னா மாதா படத்துக்கு முன்னாடி வை. எம்மவ முன்னாடி எதுக்கு?"

"சாமந்திக்கு நடுவுல ஒரு மூஞ்சியப் பாத்தா கை தன்னால வெக்குது எவோடியா. நான் என்ன பண்றது?"

"கைய வெட்டிக்கோ."

பிலோமேனா கையை வெட்டிக்கொள்ளவில்லை. மெழுகுவர்த்தியும் நிற்கவில்லை. எவோடியா தினமும் அள்ளினாள், தெரு தினமும் வைத்தது.

பிறகு என் கடையில் வைத்து மாரிசாவுக்குப் போன் போடச் சொன்னாள். பூவையெல்லாம் இளஞ்சிவப்பாக மாற்றித் தரவேண்டும், அவ்வளவுதான். மாரிசா அழுதாள். மேலே பாதுகாப்புப் பூச்சு போட்டாகிவிட்டது, மறுபடி சாரம் கட்ட வேண்டும், திட்டம் முடிந்துவிட்டது, கேட்டுப் பார்க்கிறேன் என்றாள். நல்ல இலக்கண சுத்தமாக அழுதாள். கேட்டுப் பார்த்திருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். பதில் வரவில்லை.

ஹெரோனிமோ கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஏணியோடு கிளம்பிவிட்டான். கீழே ஏணியைப் பிடித்துக்கொள்ள ரெண்டு மருமகன்கள். எவோடியா கையில் பெயிண்ட் டப்பா.

"மேல, இன்னும் மேல" என்றாள் எவோடியா.

"இதுக்கு மேல போனா நானும் படத்துல சேந்துடுவேன் எவோடியாம்மா. ஏணி அவ்ளோதான்."

அவனிடமிருந்த பெரிய ஏணி சித்லாலியின் முழங்கை வரைக்கும்தான் எட்டியது. முழங்கைப் பக்கம் தொங்கின பூக்கள் மட்டும் நிறம் மாறின. அதுவும் ஆரஞ்சு மேல் ஏறின இளஞ்சிவப்பு, பார்க்க அப்படியே அவன் கடைக் கண்ணாடிக்குள் தொங்குகிற கறி மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் ஹெரோனிமோவின் பன்றி சுவருக்கு வந்து சேர்ந்தது என்று தெரு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. ஏணியை மடக்கிக்கொண்டு போனான். முகத்தைச் சுற்றி இருந்தவை, யார் கைக்கும் எட்டாதவை, அப்படியே எரிந்துகொண்டிருந்தன. முதல் மழையில் இளஞ்சிவப்பும் தோல் தோலாக உரிந்து வந்தது.

சித்லாலி முதலில் தினமும் போன் பண்ணினாள். நகரத்தில் ஒரு கால்சென்டரில் வேலை கிடைத்தது. இங்கே இருப்பவர்களின் இன்டர்நெட் வேலை செய்யவில்லை என்றால் அங்கே அவள் பதில் சொல்வாள்.

"எங்கேர்ந்து பேசறன்னு கேக்குறாங்க ஞானம்மா. பிலடெல்பியான்னு சொல்றேன். ஒருத்தர் நம்பிட்டாரு. எந்தத் தெருன்னு கேட்டாரு, நம்ம தெருவச் சொன்னேன். அந்தச் செவுத்துல இருக்கிற பொண்ணப் பாத்திருக்கேன்னாரு. இன்டர்நெட்ட சரி பண்ணிக் குடுத்துட்டு வெச்சுட்டேன்."

பிறகு போன் ஞாயிறுகளில் மட்டும் வந்தது. அப்புறம் சில ஞாயிறுகளில் மட்டும். வேலை ஜாஸ்தி என்றாள் எவோடியா. அக்டோபரில், துவைத்த துணியை எடுக்க வந்தவள் பையைத் தூக்காமல் நின்றாள்.

"ரூமை வாடகைக்கு விடச் சொல்றா கொமாத்ரே."

"யாரு ரூமை?"

"அவ ரூமை. 'பத்து வருஷம் அந்தக் கட்டில என்னம்மா பண்ணும்'னு கேக்குறா."

"நீ என்ன சொன்ன?"

"கட்டில் சும்மாதான் இருக்கும்னேன்."

அடுத்த வாரமே புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று குடிவந்தது. தற்காலிகம்தான் என்றாள். நான் பையைத் தூக்கிக் கொடுத்தேன்.

கல்லறைத் திருநாள் வந்தது. வீட்டுப் பீடங்களில் அவரவர் செத்தவர்களுக்குப் பிடித்ததைப் படைத்துவிட்டு, மிச்சத்தை எடுத்துக்கொண்டு தெரு மொத்தமும் சுவருக்கு வந்துவிட்டது. இந்த முறை யாரும் ஒளிந்து வைக்கவில்லை. மெழுகுவர்த்தி, ரொட்டி, நிஜச் சாமந்தி, கிண்ணம் கிண்ணமாக மோலே. சுவரில் அவள் கையில் அதுதானே இருக்கிறது, அதனால் எல்லோரும் அதையே கொண்டுவந்திருந்தார்கள். பிலோமேனா ஒரு முழுச்சட்டி வைத்திருந்தாள், எள் தூவி.

எவோடியா வாளியோடு வந்தாள். தெரு விலகி வழிவிட்டது. நான் ஜன்னலை விட்டு வாசலுக்கு வந்துவிட்டேன். ஒரு மெஷின் முடிந்துவிட்டது என்று கத்திக்கொண்டே இருந்தது, கத்தட்டும் என்று விட்டேன்.

அவள் குனிந்து முதல் மெழுகுவர்த்தியை எடுக்கப் போனாள். பக்கத்தில் இருந்த கிண்ணத்தைப் பார்த்தாள். அடுத்த கிண்ணத்தைப் பார்த்தாள். பிலோமேனாவின் சட்டியின் மூடியைத் திறந்து பார்த்தாள்.

"இத யாரு வெச்சா?"

"நாந்தான்" என்றாள் பிலோமேனா. வெட்டிக்கொள்ளச் சொன்ன கையைப் பின்னால் கட்டியிருந்தாள்.

"இத அவ தொடக்கூட மாட்டா."

"செவுத்துல…"

"செவுத்துக்கு என்ன தெரியும்?"

வாளியைக் கீழே வைத்தாள். ஒவ்வொரு கிண்ணமாக எடுத்து, கொண்டுவந்தவர்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். அவர்களும் வாங்கிக்கொண்டார்கள். மெழுகுவர்த்திகளைத் தொடவில்லை. வாளியை அங்கேயே விட்டுவிட்டு முனைப்பக்கம் நடந்தாள். எங்கே போகிறாள் என்று பிலோமேனா என்னைப் பார்த்துக் கண்ணால் கேட்டாள். எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

இத்தாலிக்காரர் கடையில் எப்போதும் கூட்டம். வர நேரமானது. யாரும் போகவில்லை. திரும்பி வரும்போது அவள் கையில் காகிதம் சுற்றிய நீளப் பொட்டலம், எண்ணெய் கசிந்திருந்தது. காகிதத்தைப் பிரித்து, சுவரோரம் குனிந்து, மெழுகுவர்த்திகளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்தி இடம் செய்து வைத்தாள். ஒரு தரம் எடுத்து, ரொட்டியைத் திறந்து உள்ளே பார்த்தாள்.

"வெங்காயம் கருகச் சொன்னேன்" என்றாள் யாரிடமோ. "சரியாத்தான் பண்ணிருக்கான்."

மூடி வைத்தாள். சீஸ் காகிதத்தின் ஓரம் வரைக்கும் வழிந்திருந்தது, ஆவி வந்துகொண்டிருந்தது. அவள் வாளியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.